கடல் தொட்டிக்கு வாரம் எத்தனை மணி நேரம்?

சேலத்தில் இருந்துகொண்டு வீட்டுக்குள் பவளத் தொட்டி வைக்கலாமா என்று விசாரிப்பவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். தொட்டி எவ்வளவு, லைட் எவ்வளவு, ஒரு ஜோடி க்ளவுன் மீன் எவ்வளவு என்று. நேரத்தை யாரும் கேட்பதில்லை. பணம் பெரும்பாலும் ஒரே தடவையில் போய்விடும்; நேரம் தினமும் போகும். எங்கள் அப்பா முதல் மாதமே இதைக் கண்டுபிடித்துவிட்டார். "ரெண்டு எருமை கட்டியிருந்தப்பகூட நான் இத்தனை வாட்டி எந்திரிச்சுப் போய்ப் பார்த்ததில்லப்பா" என்றார்.

அது உறைத்ததால் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தினசரி காலண்டரை மாட்டி, அன்றன்று எத்தனை நிமிடம் போனது என்று தேதித் தாளிலேயே எழுத ஆரம்பித்தேன். கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் செருகி வைத்திருக்கிறேன். என் தொட்டி மூன்றடி நீளம். கீழே இருக்கும் சம்ப் என்ற வடிகட்டித் தொட்டியையும் சேர்த்தால் தண்ணீர் சுமார் 200 லிட்டர். ஐந்து மீன், மீதி மென்பவளங்கள். சாதாரண வாரத்தில் தினசரி வேலை 70 நிமிடம், ஸ்கிம்மரும் (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் மெஷின்) வடிகட்டித் துணியும் 20, தண்ணீர் மாற்றுவது 50, டெஸ்ட் 20. ஆக 2 மணி 40 நிமிடம். மாதம் ஒரு முறை பம்பு கழுவுகிற நாளுக்கு இன்னொரு ஒன்றரை மணி நேரம். மாதத்துக்குச் சுமார் 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டிய கணக்கு இல்லைதான். ஆனால் இந்த 12 மணி நேரத்தை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மொத்தமாகக் கொடுக்கலாம் என்று நினைத்தால் தொட்டி ஒத்துக்கொள்ளாது. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தீனி போட முடியாதில்லையா?

வாங்குவதற்கு முன்

சின்னத் தொட்டி என்றால் சின்ன வேலை என்று எண்ண வேண்டாம். 40 லிட்டர் தொட்டியில் ஒரு நாள் ஒன்றரை லிட்டர் ஆவியானாலே உப்பின் அளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏறும். 200 லிட்டரில் அதே ஒன்றரை லிட்டரை மீன் கவனிக்கக்கூடச் செய்யாது. புதிதாகத் தொடங்குபவருக்கு 150 முதல் 250 லிட்டர் வரை சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் வாளி தூக்கியே இடுப்பு போய்விடும்.

எந்தப் பவளம் என்பதும் நேரத்தைத் தீர்மானிக்கிற விஷயம்தான். சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்கள் தண்ணீரிலிருந்து கால்சியத்தை அதிகம் இழுக்காது. வாராந்திரத் தண்ணீர் மாற்றமே அவற்றுக்குப் போதும். கல் பவளங்களுக்கு கால்சியக் கரைசலும் காரத்தன்மையை ஏற்றும் கரைசலும் தினமும் ஊற்ற வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். கல் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. "ராமேஸ்வரத்திலிருந்து உயிர்ப்பாறை வந்திருக்கிறது, சல்லிசாகத் தருகிறேன்" என்று, கடலில் எடுத்த, உயிர்கள் ஒட்டிய பவளப் பாறையை யாராவது நீட்டினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். செத்த பவளக் கல்லுக்கும் அதே சட்டம்தான். செயற்கைப் பாறை கிடைக்கிறது; ஆறு மாதத்தில் அதன் மேலும் ஊதாப் பூச்சு படிந்து நிஜம் போலாகிவிடும். மீனையும் பண்ணையில் பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள். க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் எப்போதோ உருவாக்கிக் கொடுத்துவிட்டது. பண்ணை மீன் முதல் நாளே தீனி எடுக்கும். அதனால் மிச்சமாகிற நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

தண்ணீர்தான் பாதி வேலை

சேலத்துக்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1,300 காட்டும். கருப்பூர், வெள்ளைக்கல்பட்டிப் பக்கம் தோண்டினால் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது வருகிற ஊர் இது. தண்ணீரில் கடினம் இருப்பதில் ஆச்சரியமில்லை. "பவளத்துக்கு மெக்னீசியம் வேண்டுமே, போர் தண்ணீரில் இலவசமாக இருக்கிறதே" என்று என் தம்பி ஒரு முறை மூளையைப் பயன்படுத்தினான். எது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத தண்ணீரில் அளவு பார்த்துத் தயாரித்த உப்பைக் கரைத்து என்ன பயன்?

குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதில் குளோரின் இருக்கும். ஆடியில் ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது கலங்கலும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் ஆர்.ஓ. மெஷினின் முதல் வண்டல் வடிகட்டி சீக்கிரமே பழுப்பாகிவிடும். வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவதை அப்போது மூன்றாவது மாதமே மாற்றுகிறேன்.

சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. போதுமா என்றால் நேராகப் போதாது. குடிதண்ணீர் மெஷின்கள் ருசிக்காகக் கொஞ்சம் உப்பை மறுபடி கலந்து விடுகின்றன. கேன் தண்ணீரிலும் அதே கதை. ஆர்.ஓ. சவ்விலிருந்து வரும் தண்ணீரை அப்படியே எடுத்து மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றின் வழியாக விட்டு, மீட்டரில் பூஜ்ஜியம் காட்டும் தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். மீட்டர் 2, 3 என்று ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கோடையில் என் தொட்டியில் ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியாகிறது. வாரத்துக்கு 28. தண்ணீர் மாற்ற 20. மொத்தம் 50 லிட்டர் பக்கம். மணிக்கு 10 லிட்டர் தரும் மெஷின் இதற்கு ஐந்து மணி நேரம் ஓடும். அது மெஷினின் நேரம், உங்களுடையது இல்லை என்று தோன்றும். கேன் நிரம்பியதும் தானாக நிற்கிற மிதவை வால்வு வைத்தால்தான் அந்தப் பேச்சு. வைக்காமல் நான் டீக்கடைக்குப் போய் வந்த அன்று ஹாலில் தண்ணீர் துடைத்த கணக்கு 40 நிமிடம் என்று காலண்டர் தாளில் இருக்கிறது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைப் பாத்திரம் கழுவவும் மாடி துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு கரைக்க பிளாஸ்டிக் டிரம் மட்டும்தான். வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பித்தளை அண்டாவையோ செம்புக் குடத்தையோ எடுத்துவிடாதீர்கள். செம்பு கொஞ்சம் கரைந்தாலும் இறாலும் நத்தையும் தாங்காது.

தினமும் பத்து நிமிடம்

காலையில் லைட் எரிவதற்கு முன் ஐந்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து.

காலையில் முதல் வேலை சும்மா பார்ப்பது. இதை வேலையாக எழுதியதற்குச் சிரிக்காதீர்கள், பட்டியலிலேயே இதுதான் முக்கியம். பம்புச் சத்தம் நேற்று மாதிரியே இருக்கிறதா? மீன்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது பாறைக்குப் பின்னால் தூங்குகிறதா, தரையில் கருவாடாகிவிட்டதா என்று தேடுங்கள். பவளங்கள் விரிந்திருக்கின்றனவா? லெதர் பவளம் மூன்று நான்கு நாள் சுருங்கிக் கிடந்து தோலுரிக்கும்; அதற்குப் பயப்பட வேண்டாம். எல்லாமே ஒரே சமயத்தில் சுருங்கினால் மட்டும் உப்பையும் வெப்பத்தையும் அளந்து பாருங்கள்.

அப்புறம் வெப்பமானி. 25 முதல் 27 டிகிரி வரை நிம்மதி. அதன் பிறகு ஆவியான தண்ணீரை ஈடுசெய்ய வேண்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே ஈடு கட்டுவது எப்போதும் உப்பில்லாத தண்ணீர். 200 லிட்டரில் 5 லிட்டர் குறைந்தால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 36ஐத் தொட்டுவிடும். ஒரு நாள் பரவாயில்லை. நான்கு நாள் மறந்துவிட்டு ஐந்தாம் நாள் 20 லிட்டரை மொத்தமாக ஊற்றினால் ஏறின உப்பு ஒரே மணி நேரத்தில் இறங்கி, பவளம் இரண்டு பக்கமும் அடி வாங்கும். சம்ப்பின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள்.

இரவில் தீனி. ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். உறைந்த இறால் தீனியைப் பொட்டலத்துத் தண்ணீரோடு கொட்டாமல் டீ வடிகட்டியில் வடித்துப் போடுங்கள். பிறகு காந்தத் துடைப்பானால் முன் கண்ணாடியை நான்கு இழுப்பு. இதை இரண்டு நாளைக்கு ஒரு முறை செய்தால் ஒரு நிமிடம். பத்து நாள் விட்டால் கெட்டிப்பட்ட பாசியைச் சுரண்ட அரை மணி நேரம். காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மணல் துணுக்கு மாட்டினால் ஆயுசுக்கும் கீறல். அடி மணலுக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுகிறேன். அதில் சேரும் கறுப்புக் கஷாயத்தின் வாடை வீட்டில் யாருக்கும் பிடிக்காது, எனவே மாடிக் குழாயில். கோப்பையின் கழுத்தில் பிசுக்கு ஏறிவிட்டால் நுரை மேலே ஏறாது; மெஷின் ஓடும், வேலை நடக்காது. வடிகட்டித் துணியையும் அதே நாளில் மாற்றி, பழையதை சோப்புப் போடாமல் அலசிக் காயப் போட வேண்டும்.

ஞாயிறு: தண்ணீர் மாற்றும் 50 நிமிடம்

வாரம் 20 லிட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு. சனிக்கிழமை இரவே டிரம்மில் 20 லிட்டர் சுத்தத் தண்ணீர் பிடித்து, சின்ன பம்பைப் போட்டுச் சுழலவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். லிட்டருக்கு 36 முதல் 38 கிராம், ஆக முக்கால் கிலோவை ஒட்டி வரும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அடியில் கட்டியாகி, கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். இரவு முழுக்கச் சுழன்றால் காலையில் தெளிவாக இருக்கும்.

காலையில் உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு 35 காட்டுகிறதா என்று பாருங்கள். அந்தக் கருவியையே மாதம் ஒரு முறை 35 அளவுள்ள சோதனைக் கரைசலால் சரிபார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் பூஜ்ஜியம் காட்டினால் மட்டும் போதாது. பூஜ்ஜியத்தில் சரியாக இருந்துவிட்டு 35இல் 2 தள்ளிக் காட்டும் கருவியை நானே வைத்திருந்தேன். இரண்டு மாதம் என் தொட்டி 33இல் ஓடியது.

கை விடுவதற்கு முன் எல்லா மின்இணைப்பையும் அணைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். தொட்டிக்குப் போகும் லைனில், மின்கசிவு என்றால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். அப்படி இருந்தால் வயரில் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். கையில் சோப்போ, எண்ணெயோ, கொசுக் கிரீமோ இருக்கக் கூடாது. கொசுவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைத் தொட்டி இருக்கும் அறையிலேயே தவிர்த்துவிடுங்கள், அது இறாலுக்கு நேரடி விஷம்.

பாறை இடுக்குகளில் படிந்த அழுக்கைச் சின்ன பம்பால் ஊதிக் கிளப்பி, பிறகு டியூபால் 20 லிட்டரை உறிஞ்சி எடுங்கள். புதுத் தண்ணீரின் வெப்பம் தொட்டியோடு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருந்தால் சம்ப் வழியாக மெதுவாக விடலாம். பம்புகளைப் போட்டு, ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். பத்து ஞாயிறு பழகினால் 50 நிமிடத்துக்கு மேல் ஆகாது. முதல் ஞாயிறு எனக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது.

எடுத்த உப்புத் தண்ணீரைச் சாக்கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். சத்துள்ள தண்ணீராயிற்றே என்று நான் அம்மாவின் மல்கோவா மரத்தடியில் நாலைந்து வாரம் ஊற்றினேன். இலை நுனியெல்லாம் தீய்ந்து பழுப்பாகிவிட்டது. மாமரம் உப்பைத் தாங்காது என்று அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. தெரிந்த பிறகு வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது.

டெஸ்ட்: எல்லாவற்றையும் எல்லா வாரமும் வேண்டாம்

மென்பவளத் தொட்டிக்கு வாரம் ஒரு முறை காரத்தன்மை பார்த்தால் போதும். 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 5 முதல் 15க்குள்ளும் பாஸ்பேட் 0.03 முதல் 0.1க்குள்ளும் இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனால் தொட்டி சுத்தம் என்று ஒரு எண்ணம் உண்டு. பூஜ்ஜியமானால் பவளம் பட்டினி கிடந்து வெளிறும், பழுப்பு நிறக் கோழை மாதிரி ஒரு நுண்பாசி வந்து பாறையை மூடும். கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1,300 பக்கம். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். எண்களை அதே காலண்டர் தாளில் எழுதுங்கள். ஒரு எண்ணை வைத்து எதுவும் செய்யாதீர்கள், மூன்று வாரம் ஒரே திசையில் போனால் மட்டும் கை வையுங்கள்.

மாதம் ஒரு முறை

எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிற நாளையே நான் பம்பு கழுவும் நாளாக வைத்துக்கொண்டேன். எப்படியும் அன்று எல்லாம் நிற்கும். தொட்டிக்குள் அலை எழுப்பும் வேவ் மேக்கரையும், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே தள்ளும் ரிட்டர்ன் பம்பையும் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்ததில் அரை மணி நேரம் ஊறவிட்டால் சுண்ணாம்புப் படிவு கரைந்துவிடும். எலுமிச்சை உப்புக் கரைசலும் அதே வேலையைச் செய்யும். உள்ளே சுழலும் காந்தத் துண்டை வெளியே எடுத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க மறக்காதீர்கள். சத்தம் வருவதெல்லாம் அங்கிருந்துதான். தண்ணீரை வடிகட்டும் கரியை மாற்றி, லைட்டின் மேல் படிந்த உப்புத் தூசியை ஈரத் துணியால் துடைத்தால் மாத வேலை முடிந்தது.

சோவாந்தஸ் பவளங்களைத் தொடுகிற நாள் என்றால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் சில வகைகளில் பேலிடாக்சின் என்ற கடுமையான விஷம் உண்டு. அவை ஒட்டிய பாறையை வெந்நீரில் போட்டோ கொதிக்க வைத்தோ சுத்தம் செய்யவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு.

சித்திரையும் ஏற்காடும்

மேலே சொன்ன நேரக் கணக்கு மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை சேலத்தில் அப்படியே நிற்காது. வெளியே 39, 40 என்று போகும்போது மூடிய அறையில் தொட்டி 31ஐத் தொடும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. 200 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்? நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நம் ஊர் வெயில் வறண்ட வெயில் என்பதால் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் விசிறி குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். ஆகவே தினசரி 4 லிட்டர் 6 ஆகிறது, ஆர்.ஓ. கூடுதலாக ஓட வேண்டும், உப்பை அடிக்கடி அளக்க வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வாங்கினால் இந்த வேலையெல்லாம் குறையும், கரண்ட் பில் ஏறும். நான் மூன்றாவது கோடையில் வாங்கினேன். முதல் கோடையிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

என் சித்தப்பா ஏற்காட்டில் இதே அளவுத் தொட்டி வைத்திருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கணக்கே வேறு. அவருக்கு சில்லர் வேண்டாம், மே மாதம்கூட ஆவியாவது 2 லிட்டர்தான். மார்கழியில் மட்டும் ஹீட்டர் ஓயாமல் எரிய வேண்டும். ஒன்று பழுதானால் காப்பாற்ற இன்னொன்று வேண்டும் என்பதால், பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் சின்னது இரண்டு போட்டிருக்கிறார். மழைக்காலத்தில் அங்கே மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டரில் ஒரு வேவ் மேக்கரை மட்டும் தனியாக இணைத்திருக்கிறார். இது சேலத்துக்கும் பொருந்தும். மின்சாரம் நின்றால் மீன் முதலில் சாவது சூட்டாலோ குளிராலோ அல்ல, ஆக்சிஜன் குறைந்துதான். நீர்ப்பரப்பு அசைந்துகொண்டிருந்தால் பல மணி நேரம் தாங்கும். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

ஊருக்குப் போகும்போது

ஆட்டோ டாப் அப் கருவி ஒன்றுதான் நேரத்தை நிஜமாகவே மிச்சப்படுத்துகிற செலவு. சென்சார் தண்ணீர்மட்டம் பார்த்துத் தானே ஊற்றும். அதன் டிரம்மை மட்டும் 20 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். சென்சார் மாட்டிக்கொண்டு மொத்தமும் கொட்டினாலும் தொட்டி பிழைக்க வேண்டும்.

நான்கு நாள் வரை மீனுக்குத் தீனி இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். மாத்திரை போடும் கிழமைப் பெட்டி மருந்துக்கடையில் கிடைக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு நாள் அளவு மட்டும் போட்டு அதைக் கொடுத்துவிட்டு, டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வந்திருந்த அத்தை பேரன், மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துப் பசி என்று நினைத்து முழு டப்பாவையும் கவிழ்த்தான். அந்த வாரத்துத் தாள்களில் மட்டும் மொத்தம் 11 மணி நேரம் எழுதியிருக்கிறது.